அறளை பெயர்தலும் மூளையின் பம்பிகளும்

வயது போனவர் ஒருவர் தடுமாறிப் பேசினால் "அறளை பெயர்ந்திட்டு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். தமிழ் படித்த எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் இரண்டு வேறு நிலைகளை அது ஒன்றாக்கிவிடுகிறது. வருடக்கணக்கில் மெல்ல வரும் மறதி ஒன்று. ஓரிரு நாளில் திடீரென வரும் தடுமாற்றம் மற்றது. இரண்டாவதைப் பெரும்பாலும் குணப்படுத்தலாம். இதை விளங்கிக்கொள்ள, மூளைக் கலங்களில் உள்ள ஒரு பம்பியை அறிய வேண்டும்.

எங்கள் உயர்தர உயிரியல் மாணவர்கள் படிக்கும் சோடியம்-பொற்றாசியம் பம்பிதான் அது. கலத்தின் மென்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். ஒரு ஏ.ரீ.பி. மூலக்கூற்றைச் செலவழித்து 3 சோடியம் அயன்களை வெளியே தள்ளி, 2 பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கும். நரம்பில் செய்தி ஓடும்போது சோடியம் உள்ளே பாயும், பொற்றாசியம் வெளியேறும். பம்பி அவற்றைப் பழைய இடத்தில் சேர்த்துக்கொண்டே இருந்தால்தான் செய்திகள் தொடர்ந்து ஓடும். டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கூ 1957இல் நண்டின் நரம்பில் இதனை இனங்கண்டு எழுதினார். 1997இல் இரசாயனவியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

உடல் நிறையில் ஏறத்தாழ 2 வீதமான மூளை, ஓய்வில் உடல் செலவிடும் சக்தியில் 20 வீதமளவை எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பங்கு அயன்களை இறைக்கவே போகிறது.

முதுமையில் என்ன நடக்கிறது? பசறையிலோ லுணுகலையிலோ, பள்ளத்து ஊற்றிலிருந்து மேட்டு லயத்துத் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு பழைய மோட்டரை நினைத்துப் பாருங்கள். டீசல் குறைவு, மோட்டரும் தேய்ந்தது. மூளையிலும் இழைமணிகள் ஏ.ரீ.பி. தயாரிக்கும் வலு குறைகிறது. ஒட்சியேற்றத்தால் மென்சவ்வின் கொழுப்பும் பம்பிப் புரதமும் பழுதடைகின்றன. கிழ எலிகளின் மூளையில் இப்பம்பியின் வேலை குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனாலும் அன்றாடத் தண்ணி வந்துகொண்டுதான் இருக்கும். குறைந்திருப்பது கையிருப்பு. ஒரு குழாய் வெடித்தால்தான் அது தெரியவரும்.

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, வயிற்றோட்டம் எல்லாம் அப்படியான வெடிப்புகள். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. சிறுநீரைக் கூட்டும் சில பிரஷர் குளிசைகள் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கவும் கூடும். சோடியம் குறைந்தால் தண்ணீர் மூளைக் கலங்களுக்குள் புகுந்து அவை வீங்கும். அதைச் சமாளிக்கப் பம்பிகள் கூடுதலாக உழைக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஆள் தெரியாமை, உளறல், தூக்கம், தள்ளாட்டம் வருகின்றன. பம்பி மட்டுமே காரணமல்ல. ஆனால் தளர்ந்த மூளை ஏன் சின்ன நோய்க்கே குழம்புகிறது என்பதை அது விளக்குகிறது.

மலைத் தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு இறங்குவது லேசான காரியமில்லை. அதனால் "வயசுதானே, நாளைக்குப் பாப்போம்" என்று விட்டுவிடுகிறோம். ஓதிப் பார்ப்பவர்கள் ஓதுங்கள். கையோடு ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோங்கள். கிளினிக் கொப்பியையும் குடிக்கிற குளிசைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். சோடியத்தின் அளவை இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். வீட்டிலேயே உப்புக் கரைத்துக் கொடுக்க வேண்டாம். அளவு மீறி வேகமாகச் சோடியம் ஏறினாலும் மூளைக்கு ஆபத்து. நோன்பு காலத்தில், மருந்து எடுக்கும் முதியவர்கள் முன்கூட்டியே டொக்டரிடம் கேட்கட்டும். இயலாதவருக்கு மார்க்கம் பித்யா என்ற சலுகையைத் தந்திருக்கிறது.

நேற்று நல்லாப் பேசின மூத்தம்மாவுக்கு இன்று பேரப்பிள்ளையைத் தெரியவில்லை என்றால், "எப்போதிருந்து இப்படி?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். "நேற்றிலிருந்து" என்பது பதிலானால் அது அறளை அல்ல, அவசரம்.