பூசறதுக்கு முன்னாடி பாருங்க பாஸ்!

அப்பாவோட பி.எஃப். பணம், பேங்க் லோன் எல்லாத்தையும் கொட்டி உங்க ஃபேமிலி வீடு கட்டுதா? சுவருக்குப் பூச்சு வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விசிட் அடிங்க. பூசிட்டா, உள்ளே இருக்கற தப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது!

முதல்ல செங்கல். ரெண்டு கல்லைத் தட்டினா 'டிங்'னு மணிச் சத்தம் வரணும். நகத்தால கீறினா கோடு விழக் கூடாது. 24 மணி நேரம் தண்ணியில ஊறின பிறகும் எடை 20 சதவிகிதத்துக்கு மேல ஏறக் கூடாது. காய்ஞ்ச கல்லை நனைக்காம வெச்சா, கலவையில இருக்கற தண்ணியை அது குடிச்சிடும். சிமென்ட் சரியா இறுகாது.

அடுத்து, அடுக்கற விதம். மேல் வரி ஜாயின்ட்டும் கீழ் வரி ஜாயின்ட்டும் ஒரே நேர்க்கோட்டுல வந்தா, விரிசலுக்கு ரெடிமேட் ரூட்! அதைத் தடுக்கறதுதான் 'பாண்டு'. ஒரு வரி முழுக்க நீளப் பக்கம், அடுத்த வரி முழுக்கத் தலைப் பக்கம் தெரிஞ்சா இங்கிலீஷ் பாண்டு. ஒரே வரியில ரெண்டும் மாறி மாறி வந்தா ஃப்ளெமிஷ்.

பட்ஜெட் இடிக்குதா? 1917-ல இங்கிலாந்துல பிறந்து, கேரளாவுல செட்டிலான ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் பிரபலமாக்கின 'எலிப்பொறி' பாண்டு இருக்கு. கல்லைப் படுக்க வைக்காம, பக்கவாட்டுல நிறுத்தி, நடுவுல காலியா விட்டுக் கட்டறது. அதே ஒன்பது இன்ச் சுவர், சுமார் 25 சதவிகிதம் செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காத்து, வெயிலையும் சட்டுனு உள்ளே விடாது!

சைட்டுக்குப் போனதும் கொத்தனார்கிட்ட, ''இது எந்த பாண்டுண்ணே?''னு கேளுங்க. கேக்க ஆள் இருக்குனு தெரிஞ்சாலே, சுவர் ஸ்ட்ராங்கா எழும்பும்!