"நீங்க எப்படிப்பட்ட ஆள்?" இந்தக் கேள்விலேயே ஒரு பாதி குறையுது

"அவன் கோவக்காரன்." "அவ ரொம்ப அமைதி." "நான் ஒரு சோம்பேறிப்பா." ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படிச் சொல்றோம்? பொண்ணு பார்க்கப் போற வீட்ல, ஆபீஸ் அப்ரைசல்ல, ஃப்ரெண்ட்ஸ் குரூப்புலன்னு எங்க பார்த்தாலும் ஒரு ஆளை ஒரே வார்த்தைல முடிச்சிடுறோம். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் சரி? உளவியல்ல இதுக்கு "சமூக அறிதல் பார்வை"ன்னு ஒரு பதில் இருக்கு. இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

1968-ல் வால்டர் மிஷல் என்கிற உளவியலாளர் ஆளுமையை அளவிடுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வியன்னாவில் பிறந்தவர். நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் சின்ன வயசிலேயே குடும்பத்தோட அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு அவர் கேட்ட கேள்வி ரொம்ப சிம்பிள். ஒருத்தரோட குணத்தைக் கேள்வித்தாள் வச்சு அளந்துட்டா, குறிப்பிட்ட ஒரு சூழ்நிலையில அவர் என்ன செய்வார்னு சொல்லிட முடியுமா?

கிடைச்ச பதில்: ரொம்பக் கொஞ்சம்தான் சொல்ல முடியும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கோரிலேஷன் பெரும்பாலும் 0.30 பக்கத்துலயே நின்னுடுச்சு. காலேஜ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரை எப்படியோ தாண்டி வந்தவங்களுக்காகச் சொல்றேன். 1-ன்னா முழுசா ஒத்துப்போகுது, 0-ன்னா சம்பந்தமே இல்ல. 0.30-ஐ வர்க்கப்படுத்தினா 0.09. ஆளுக்கு ஆள் நடத்தையில இருக்கிற வித்தியாசத்துல 9 சதவீதத்தைத்தான் அந்த ஸ்கோர் விளக்குது.

இதுக்குப் பெரிய சண்டையே நடந்தது. எதிர்த்தரப்பு சொன்னதிலும் நியாயம் இருந்தது: "ஒரு நாளை மட்டும் பார்க்காதீங்க. பல நாள், பல இடத்துல பார்த்து சராசரி எடுங்க. குணம் தெளிவா தெரியும்." உண்மைதான், தெரியுது. ஆனா மிஷல் வேற ஒரு விஷயத்தைப் பிடிச்சார். சராசரி எடுக்கும்போது எதைத் தூக்கிப் போடுறோம்?

அதுக்கான பதில் ஒரு கோடைக்கால முகாம்ல கிடைச்சது. யூச்சி ஷோடா, மிஷல், ஜேக் ரைட் மூணு பேரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு. 84 குழந்தைகள், 6 வாரம். ஒவ்வொரு குழந்தையையும் சராசரியா 167 மணி நேரம் கவனிச்சிருக்காங்க. கூட விளையாடுற பசங்க கிண்டல் பண்ணும்போது என்ன செய்யுது? பெரியவங்க பாராட்டும்போது? எச்சரிக்கும்போது? தண்டிக்கும்போது? இப்படி ஒவ்வொரு சூழ்நிலைக்கும் தனித்தனியா குறிச்சு வச்சாங்க.

ரெண்டு பசங்களை நினைச்சுப் பாருங்க. ரெண்டு பேரோட கோபமும் சராசரியில ஒரே அளவு. ஒருத்தன் மத்த பசங்க கிண்டல் பண்ணா பொங்குவான், பெரியவங்க திட்டினா பேசாம இருப்பான். இன்னொருத்தன் நேர் தலைகீழ். "ரெண்டும் கோவக்காரப் பசங்க"ன்னு சொல்லிட்டா ரெண்டு பேரைப் பத்தியும் ஒன்னுமே சொல்லல. இந்த மாதிரி ஏற்ற இறக்கம் ஏதோ தற்செயலா வந்து போறதும் இல்ல. பல குழந்தைகள்கிட்ட திரும்பத் திரும்ப அதே வடிவத்துல வந்தது. அந்த வடிவத்தைத்தான் அந்த ஆளோட கையெழுத்துன்னு இவங்க சொல்றாங்க.

நம்ம கோடிங் ஆளுங்களுக்கு இது சட்டுனு புரியும். ஆளுமைங்கிறது ஒரு வேரியபிள்ல போட்டு வச்ச ஒரே ஒரு மதிப்பு இல்ல. வரிசையா இருக்கிற இஃப்-எல்ஸ். "இப்படி நடந்தா, இதைச் செய்வேன்."

என்கூட வேலை பார்த்த ஒருத்தங்க இருபது பேர் இருக்கிற கால்ல வாயே திறக்க மாட்டாங்க. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு புரொடக்‌ஷன் விழுந்தா, யார் எந்த லாக் பார்க்கணும், எதை ரோல்பேக் பண்ணணும்னு நிதானமா சொல்ற குரல் அவங்களோடதுதான். அப்ரைசல்ல வந்த வரி: "அமைதியானவர், தலைமைப் பொறுப்புக்கு இன்னும் தயாராகல." லீட் ரோல் வேற ஒருத்தருக்குப் போச்சு. பார்த்தது ஒரு இஃப். தீர்ப்பு மொத்த ஆளுக்கும்.

சரி, ஒவ்வொருத்தருக்கும் இந்த இஃப்-எல்ஸ் எங்கிருந்து வருது? இங்கதான் "அறிதல்"ங்கிற வார்த்தை வருது. ஒரு சம்பவத்தை நாம எப்படி அர்த்தப்படுத்திக்கிறோம், அடுத்து என்ன நடக்கும்னு எதிர்பார்க்கிறோம், நமக்கு எது முக்கியம், நம்மால எது முடியும்னு நம்புறோம். இது எல்லாமே பெரும்பாலும் மத்தவங்களைப் பார்த்தும், பட்டும் கத்துக்கிட்டது.

கனடாவில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் வேலை பார்த்த ஆல்பர்ட் பண்டுரா இதை ஒரு முக்கோணமா வரைஞ்சார். ஆள், நடத்தை, சூழல். மூணும் ஒன்னை ஒன்னு மாத்திக்கிட்டே இருக்கும். மீட்டிங்ல நான் பேசலைன்னா, அடுத்த தடவை என்கிட்ட யாரும் கேட்க மாட்டாங்க. கேட்கலைன்னா, "எனக்குப் பேச வராது"ன்னு நானே முடிவு பண்ணிடுவேன். அப்புறம் இன்னும் பேச மாட்டேன். லூப் ஓடிக்கிட்டே இருக்கும்.

அந்த லூப்பை உடைக்கிற இடமும் பண்டுரா சொன்னதுதான். "இந்த வேலை என்னால முடியும்"ங்கிற நம்பிக்கை; இதைத் தன்திறன் நம்பிக்கைன்னு சொல்லலாம். பொதுவான தன்னம்பிக்கை வேற, இது வேற. மேடையில பேச முடியும்னு நம்புறவருக்கு நீச்சல்ல அந்த நம்பிக்கை சுத்தமா இல்லாம இருக்கலாம். 1977-ல் எழுதின கட்டுரையில இதுக்கு நாலு ஊற்று சொல்றார்: நாமே செஞ்சு ஜெயிச்சது, நம்மை மாதிரி ஒருத்தர் செய்றதைப் பார்த்தது, மத்தவங்க சொல்லி ஊக்கப்படுத்தினது, அந்த நேரத்துல நம்ம உடம்பும் மனசும் இருக்கிற நிலை. நாலுலயும் பலமானது முதல்ல சொன்னதுதான். பாம்புன்னாலே நடுங்குறவங்களை வச்சு அவர் பரிசோதிச்சார். முதல்ல இன்னொருத்தர் தொடுறதைப் பாக்கணும், அப்புறம் கூட ஆள் இருக்க, கொஞ்சம் கொஞ்சமா தானே தொடணும். வெறுமனே பார்த்தவங்களை விட, தொட்டுப் பழகினவங்களுக்கு பயம் அதிகமா விலகுச்சு.

இதை "நம்பினால் முடியும்"னு சுவத்துல ஒட்டுற போஸ்டர் ஆக்கிடாதீங்க. முக்கோணத்துல சூழலும் ஒரு மூலை. பேச வாய்ப்பே தராத ரூம்ல ஒருத்தர் பேசலைன்னா, அது அவரோட குணக்குறை இல்ல. சில சமயம் மாத்த வேண்டியது ரூமைத்தான்.

அதனால இந்த வாரம் ஒன்னு செஞ்சு பாருங்க. உங்களைப் பத்தியோ, வீட்ல இருக்கிற ஒருத்தரைப் பத்தியோ நீங்க வச்சிருக்கிற அந்த ஒரு வார்த்தைக்கு முன்னாடி "எப்போ?"ன்னு கேளுங்க. "நான் சோம்பேறி" அப்போ "எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைன்னா வேலையைத் தள்ளிப் போடுறேன்" ஆகும். முதல் வாக்கியத்தை வச்சு ஒன்னும் பண்ண முடியாது. ரெண்டாவதுல எந்த வரியைத் திருத்தணும்னு தெரியுது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.