கட்டுப்பாடு தளர்ந்தது, நோய் போனதா?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் தேதி. இரவு எட்டு மணி. பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார். 21 நாள்கள் யாரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்றார். நான்கே மணி நேரத்தில் நாடு நின்றது. ரயில் இல்லை. பஸ் இல்லை. கூலி வேலை இல்லை. பள்ளிக்கூடம் அதற்கு முன்பே மூடியாகிவிட்டது.

காரணம் உங்களுக்குத் தெரியும். கொரோனா.

21 நாள் முடிந்தது. மே 3 வரை நீட்டினார்கள். பிறகு மே 17 வரை. அதன் பிறகு மே 31 வரை. ஜூன் மாதத்திலிருந்து கட்டுப்பாடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். தளர்த்துவது சரியா, தவறா? ஊருக்கு ஊர் இதே பேச்சுதான். ஒரே வீட்டில் அப்பா ஒன்று சொன்னார், மகன் வேறொன்று சொன்னான். ஏன் இப்படி ஆளுக்கு ஒரு கருத்து? யார் சொன்னது சரி?

அதைப் பார்ப்பதற்கு முன்னால், தள்ளி நிற்கச் சொன்னது எதற்கு என்று தெரிந்துகொள்வோம்.

ஆறு அடி எதற்கு?

கொரோனாக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. நோய் உள்ளவர் இருமினால், தும்மினால், ஏன், சத்தமாகப் பேசினால்கூட, வாயிலிருந்து சிறு துளிகள் தெறிக்கும். கிருமி அதில் இருக்கும். பக்கத்தில் நிற்பவரின் மூக்கு, வாய், கண் வழியாக அது உள்ளே போய்விடும். பெரிய துளிகள் சில அடி தூரத்திலேயே தரையில் விழுந்துவிடும். அதனால்தான் ஆறு அடி தள்ளி நில்லுங்கள் என்றார்கள். இந்தியில் இதை 'தோ கஜ் கீ தூரி' என்று சொன்னார்கள். இரண்டு கஜ தூரம். ஒரு கஜம் மூன்று அடி. துணிக்கடையில் அளந்து வாங்கிய பழைய ஆட்களுக்கு இந்தக் கணக்குச் சொல்லித் தர வேண்டாம்.

ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்கள். ஒரு வட்டத்துக்கு ஒரு ஆள்.

பிறகு இன்னொன்றும் தெரியவந்தது. மிக நுண்ணிய துளிகள் கீழே விழுவதில்லை. புகை போலக் காற்றில் மிதக்கும். சன்னல் சாத்திய அறையில் பலர் வெகு நேரம் உட்கார்ந்திருந்தால் ஆறு அடி போதாது. வெட்டவெளியில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அங்கே ஆபத்துக் குறைவு. இது முதலிலேயே நன்றாகத் தெரிந்திருந்தால், எதை முதலில் மூடுவது, எதை முதலில் திறப்பது என்ற கணக்கே மாறியிருக்கும். பூங்காவையும் கடற்கரையையும் அவ்வளவு நாள் பூட்டி வைத்திருக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'சமூக இடைவெளி' என்று முதலில் எழுதினார்கள், பேசினார்கள். நம் நாட்டில் அந்தச் சொல் பலருக்குச் சுருக்கென்றது. தள்ளி நில் என்று சாதியின் பெயரால் கேட்டவர்கள் ஆயிற்றே! தள்ளி நிற்க வேண்டியது உடம்புதான், மனிதர்கள் அல்ல. அதனால் 'தனிமனித இடைவெளி' என்று பலர் மாற்றிச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனமும் அப்படியே, உடல் தூரம் என்ற பொருளில் சொல்லத் தொடங்கியது. நல்ல மாற்றம்.

திற என்றவர், திறக்காதே என்றவர்

நம் நாட்டு உழைப்பாளிகளில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கட்டட வேலை, தறி வேலை, தள்ளுவண்டி, ரிக்‌ஷா, வீட்டு வேலை. இன்று போனால் இன்று கூலி. நாளைக்குப் போகாவிட்டால் நாளைக்கு அடுப்பு எரியாது. இவர்களுக்கு 21 நாள் என்பது என்ன? 21 நாள் கூலி இல்லை என்று அர்த்தம்.

நகரங்களில் வேலை செய்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குத் திரும்பப் புறப்பட்டார்கள். வண்டி இல்லை. நடந்தார்கள். மூட்டையும் குழந்தையுமாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார்கள். மே 1ஆம் தேதிதான் அவர்களுக்காகச் சிறப்பு ரயில்கள் விட ஆரம்பித்தார்கள். மே 8ஆம் தேதி மகாராஷ்டிரத்தில், அவுரங்காபாத் அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயில் ஏறி இறந்தார்கள். ஊரடங்கினால் ரயில் ஓடாது என்று அவர்கள் நினைத்திருக்கக் கூடும்.

இவர்கள் 'ஊரடங்கைத் தளர்த்துங்கள்' என்றார்கள். அது நோயைப் பற்றிய அறியாமையா? இல்லை. கிருமியும் கொல்லும், பசியும் கொல்லும். இரண்டையும் எடைபோட்டுத்தான் சொன்னார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். வீட்டில் 70 வயது அம்மா இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய். கொரோனா வயதானவர்களையும் ஏற்கெனவே நோய் உள்ளவர்களையும்தான் அதிகம் தாக்கியது. அப்படிப்பட்ட வீட்டில் உள்ளவர், 'அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்' என்று சொல்லத்தான் செய்வார். பஸ்ஸில் மூச்சு முட்டும் நெரிசலில் வேலைக்குப் போக வேண்டியவரும் பயந்தார். அதுவும் நியாயம்தானே?

மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். அவர்களில் சிலர், தெருவில் இறங்கியவர்களைப் பார்த்து 'புத்தி கெட்டவர்கள்' என்று திட்டினார்கள். அது சரியில்லை. தள்ளி இருப்பதற்கு இடம் வேண்டும். அறை வேண்டும். தனிக் கழிப்பறை வேண்டும். தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளே வேண்டும்.

மும்பை தாராவியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடம். எட்டு லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போய்த் தலைமுறைகளாக அங்கே இருப்பவர்களும் ஏராளம். பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர். கழிப்பறை பொதுக் கழிப்பறை. இங்கே ஆறு அடி தள்ளி நிற்பது எப்படி? 2020 ஏப்ரல் 1ஆம் தேதி அங்கே முதல் நோயாளி தெரியவந்தார். தாராவி பிணக்காடாகும் என்று பலர் பயந்தார்கள். மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். காய்ச்சல் பார்த்தார்கள். நோய் உள்ளவர்களைப் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தனியாகத் தங்க வைத்தார்கள். சாப்பாடு கொடுத்தார்கள். கழிப்பறைகளை ஒரு நாளில் பல முறை மருந்து அடித்துக் கழுவினார்கள். ஜூலை மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியைப் பாராட்டிப் பேசினார். தள்ளி நில் என்று வாயால் சொன்னதோடு விட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இருந்தாலும் நெருக்கம் நெருக்கம்தான். அதே ஜூலையில் மும்பையின் மூன்று வட்டாரங்களில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்கு நோய் வந்து போயிருந்தது. மற்ற வீடுகளில் நூற்றுக்கு 16 பேர்தான். ஒரே நகரம், ஒரே ஊரடங்கு, ஒரே சட்டம்!

பள்ளிக்கூடம் விஷயத்திலும் இப்படித்தான். கடைகள் திறந்தன, பஸ் ஓடியது, திரையரங்கும் திறந்தது. பள்ளி மட்டும் பல மாநிலங்களில் ஒன்றரை ஆண்டு மூடியே கிடந்தது. செல்போனில் பாடம் என்றார்கள். 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஏழைக் குடும்பங்களில் போய் விசாரித்தார்கள். கிராமங்களில் நூற்றுக்கு 8 பிள்ளைகள்தான் ஒழுங்காகச் செல்போனில் படித்தார்கள். கிராமத்துப் பெற்றோர் நூற்றுக்கு 97 பேர் பள்ளியைத் திறக்கச் சொன்னார்கள். வசதியுள்ள நகரத்துப் பெற்றோர் பலர் அப்போதும் பயந்தார்கள். அவர்கள் வீட்டில் கணினி இருந்தது. பொறுத்திருக்க முடிந்தது.

எதை முதலில் திறப்பது?

2020 மே 4ஆம் தேதி பல மாநிலங்களில் மதுக்கடைகளைத் திறந்தார்கள். தில்லியில் ஆறு அடியாவது, அரை அடியாவது! ஒருவர் முதுகில் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். மறுநாளே தில்லி அரசு மது விலையில் நூற்றுக்கு 70 ரூபாய் கூடுதல் வரி போட்டது. கூட்டம் அப்போதும் வந்தது.

மக்கள் கேட்டார்கள்: 'கல்யாணத்துக்கு 50 பேர்தான். சாவு வீட்டுக்கு 20 பேர்தான். பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் பிள்ளைகள் போக முடியவில்லை. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் பூட்டியிருக்கிறது. மதுக்கடைக்கு மட்டும் என்ன அவசரம்?' பல ஊர்களில் பெண்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மாநில அரசுகளுக்கு மது வரி பெரிய வருமானம். அதுதான் அவசரம். ஆனால் இதில் ஒரு நஷ்டமும் உண்டு. விதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்று தெரிந்துவிட்டால், அந்த விதியின் மேல் இருக்கும் மரியாதை போய்விடும். பிறகு நல்ல விதியையும் யாரும் மதிக்கமாட்டார்கள்.

நோய் போய்விட்டது என்று நினைத்தோம்

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பது அன்றைக்கே தெரியாது. இதைக் கவனிக்க வேண்டும். கிருமி உடம்பில் புகுந்து காய்ச்சல் தெரிய இரண்டு நாளும் ஆகலாம், 14 நாளும் ஆகலாம். சிலருக்குக் காய்ச்சலே வராது. ஆனால் அவர்களிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவும். ஆகவே இன்று சந்தையைத் திறந்தால், ஒரு வாரம் ஒன்றும் தெரியாது. 'பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை' என்று நாம் சொல்வோம். மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரி நிரம்பும்.

2020 செப்டம்பர் நடுவில் நாட்டில் ஒரு நாளில் ஏறக்குறைய 98 ஆயிரம் பேருக்கு நோய் கண்டது. பிறகு குறைந்துகொண்டே வந்தது. 2021 பிப்ரவரியில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அளவுக்கு இறங்கியது. அந்த மாதம் முதல் திரையரங்கில் எல்லா நாற்காலியிலும் ஆள் உட்காரலாம் என்றார்கள். கல்யாணங்கள் பழையபடி நடந்தன. முகக்கவசம் தாடைக்கு இறங்கியது. பொறுப்பில் இருந்தவர்களே நோய் முடியப் போகிறது என்று பேசினார்கள். தேர்தல் கூட்டங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்தார்கள். ஏப்ரலில் ஹரித்வார் கும்பமேளாவில் லட்சக்கணக்கானவர்கள் கூடிக் குளித்தார்கள்.

உண்மை நிலை என்ன? 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரித் தொடக்கத்திலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் ரத்தம் எடுத்துப் பார்த்தது. நூற்றுக்கு 21 பேருக்குத்தான் நோய் வந்து போயிருந்தது. அதாவது ஐந்து பேரில் நான்கு பேரைக் கிருமி இன்னும் தொடவே இல்லை. தடுப்பூசி ஜனவரி 16ஆம் தேதிதான் தொடங்கியது. மிகச் சிலருக்கே கிடைத்திருந்தது. விறகு காய்ந்து கிடந்தது. நாம் தீ அணைந்தது என்று நினைத்தோம்.

வேகமாகப் பரவும் புது வகைக் கிருமி ஒன்றும் வந்து சேர்ந்தது. அதற்கு டெல்டா என்று பெயர் வைத்தார்கள். பழியை முழுவதும் மக்கள் மேல் போடுவது நியாயம் அல்ல. 2021 மே தொடக்கத்தில் ஒரு நாளில் நான்கு லட்சம் பேருக்கு மேல் நோய் கண்டது. பிராணவாயு இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே பலர் இறந்தார்கள். சுடுகாட்டிலும் வரிசை. ஜூன், ஜூலையில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 67 பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. கொஞ்சம் பேருக்குத் தடுப்பூசியால் வந்தது. பெரும்பாலோருக்கு நோய் வந்ததால் வந்தது. 2021 முடிவு வரை இறந்தவர்கள் 4 லட்சத்து 81 ஆயிரம் பேர் என்பது அரசுக் கணக்கு. அந்த இரண்டு ஆண்டுகளில் வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அரசு அதை ஏற்கவில்லை.

நூறு ஆண்டுக்கு முன்பும் இது நடந்திருக்கிறது. 1918இல் பம்பாயில் விஷக்காய்ச்சல் ஜூன் மாதம் வந்தது, பிறகு தணிந்தது. செப்டம்பரில் திரும்பி வந்தது. இரண்டாவது முறை வந்ததுதான் கொன்று குவித்தது. இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் செத்தார்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் அந்த ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி நண்பகலில் சங்கு ஊதி, முகக்கவசத்தை எடுக்கலாம் என்றார்கள். ஜனங்கள் கழற்றித் தெருவில் வீசிக் கொண்டாடினார்கள். அடுத்த ஜனவரியில் மறுபடி போடச் சொல்லி உத்தரவு வந்தது. அதை எதிர்த்து ஒரு சங்கமே சேர்ந்தது. ஒரு முறை கழற்றியதை மறுபடி போடச் சொல்வது எந்த நாட்டிலும் கஷ்டம்தான்.

நம் நாட்டில் பேரிடர்ச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போட்ட கொரோனா உத்தரவுகள் 2022 மார்ச் 31உடன் முடிந்தன. ஏப்ரல் 2ஆம் தேதி மகாராஷ்டிரம் எல்லாக் கட்டுப்பாடுகளையும் எடுத்துவிட்டது. முகக்கவசம் அவரவர் விருப்பம் என்றது. தில்லி முகக்கவச அபராதத்தை நீக்கியது. நோய் ஏறியதும் அதே மாதத்தில் மறுபடி 500 ரூபாய் அபராதம் போட்டது. அப்போதும் மக்கள் ஒன்றுபோல் இல்லை. நெரிசலான ரயிலில் சிலர் முகத்தை மூடியிருந்தார்கள், சிலர் திறந்திருந்தார்கள். மூடியிருந்தவர் வீட்டில் ஒரு வயதான தாய் இருந்திருக்கலாம்.