மிதக்கும் நிலம்

வீடு கட்ட உறுதியான நிலம் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஆனால், மணிப்பூர் மாநிலத்திலுள்ள லோக்டாக் ஏரியின் மீனவர்கள் மிதக்கும் நிலத்தின்மீது குடில் அமைத்து வாழ்ந்து வந்துள்ளனர். வடகிழக்கு இந்தியாவின் மிகப்பெரிய நன்னீர் ஏரி இதுவே.

அம்மிதக்கும் நிலத்திற்குப் 'பும்டி' என்று பெயர். நீர்த்தாவரங்களின் வேர்களும் மட்கிய தழைகளும் மண்ணும் பின்னிப் பிணைந்து பும்டி உருவாகிறது. அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடக் குறைவு, ஆகவே, மிதக்கிறது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீருக்குள் அமிழ்ந்திருக்க, எஞ்சிய ஒரு பங்கே வெளியில் தெரியும். தடித்த பும்டியின்மீது மீனவர்கள் குடில் எழுப்பி, காற்றில் அது நகராதவாறு மூங்கில் கழிகளை ஏரித்தரையில் ஊன்றிப் பிணைக்கின்றனர். நீர் உயர்ந்தால் குடிலும் உயரும். தாழ்ந்தால் உடன் தாழும்.

இந்த ஏற்ற இறக்கமே பும்டியின் உயிர்நாடி. வறண்ட பருவத்தில் நீர்மட்டம் குறைய, பும்டி ஏரித்தரையைத் தொடும். அப்போது தாவரங்களின் வேர்கள் சேற்றிலிருந்து ஊட்டம் பெறும். மழைக்காலத்தில் வலுப்பெற்ற பும்டி மீண்டும் மேலெழும்.

1983ஆம் ஆண்டு, 105 மெகாவாட் நீர்மின் திட்டத்திற்காக இத்தாய் தடுப்பணை இயங்கத் தொடங்கியது. மின்னாக்கத்திற்காக ஏரியின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் உயர்த்தி வைக்கப்பட்டது. தரையைத் தொட இயலாத பும்டிகள் ஊட்டமின்றி மெலியலாயின. பும்டிகளால் ஆன கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்காவும் இதனால் பாதிக்கப்பட்டது. உலகில் சங்காய் மான் இயற்கையாக வாழும் ஒரே இடம் அதுவே. மெலிந்த பும்டி மானின் எடையைத் தாங்குவது கடினம். 1975இல் 14ஆகக் குறைந்திருந்த மான்களைப் பெருக்க அரும்பாடுபட்ட நிலையில், அவற்றின் வாழிடமே நலிவது கவலைக்குரியது.

மனிதர்களும் தப்பவில்லை. ஏரியைப் பாதுகாக்க 2006இல் இயற்றப்பட்ட சட்டம், மையப் பகுதியில் பும்டிமீது குடியிருப்பதைத் தடை செய்தது. 2011இல் நூற்றுக்கணக்கான குடில்கள் அகற்றப்பட்டன. ஏரி மாசுபடுவதைத் தடுப்பதே நோக்கம் என்றது அரசு. மீன்பிடித்தலன்றி வேறு வாழ்வு இல்லை என்றனர் மீனவர்.

மின்சாரமும் தேவை, ஏரியும் தேவை. தடுப்பணையின் செயல்பாட்டை மறுஆய்வு செய்ய வேண்டும் என்ற கோரிக்கை மணிப்பூரில் எழுந்துள்ளது. வறண்ட பருவத்தில் நீர்மட்டம் தாழ்ந்தால்தான் பும்டியின் வேர்கள் மீண்டும் மண்ணைத் தொடும். அதன்மீது வாழும் உயிர்களும் நிலைக்கும்.