சமதளப் பாதையில் எளிய நடை

மேடு பள்ளம் இல்லாமல் தளம் போட்ட, வாகனம் நுழையாத, நிழல் விழும் பாதையில் தினம் அரை மணி நேரம் நடப்பது பெரும்பாலும் எந்த வயதினருக்கும் ஒத்துவரும் உடற்பயிற்சி. இத்தகைய பாதைகள் பூங்காக்களுக்குள்ளும் ஆற்றங்கரை, கடற்கரை ஓரங்களிலும் அமைகின்றன. பல நாடுகளில் புறநகர்க் குடியிருப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் பசுமை வழிகளாகவும் நீள்கின்றன. காரைக்காலில் அரசலாற்றின் கரையை ஒட்டிக் கடற்கரைக்குப் போகும் சாலையோர நடைபாதை இந்த வகையைச் சேர்ந்தது.

சமதளத்தில் நடப்பது எளிதாக இருப்பதற்குக் காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஊன்றிய காலின் மேல் உடல் ஏறி இறங்கும்போது, அது தலைகீழாக நிறுத்திய ஊசலைப் போல இயங்குகிறது. மேலே எழும்போது வேகம் குறைந்து நிலை ஆற்றல் கூடுகிறது. கீழே இறங்கும்போது அந்த ஆற்றல் மீண்டும் வேகமாக மாறுகிறது. இயல்பான நடையில் இப்படி மீளும் ஆற்றல் சுமார் 60 விழுக்காடு. மீதியைத்தான் தசைகள் புதிதாகத் தர வேண்டும். மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும்போது, கடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. யாரும் சொல்லித் தராமலேயே பெரும்பாலோர் அந்த வேகத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

தரை இளகியிருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். மணலில் நடக்கும்போது பாதம் புதைகிறது, மணல் பின்னோக்கிச் சரிகிறது, தசை செய்த வேலையில் ஒரு பங்கு மணலை நகர்த்துவதிலேயே போய்விடுகிறது. கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாவதாக 1998இல் வெளியான பெல்ஜிய ஆய்வு அளந்து காட்டியது. கடற்கரை மணலில் நடக்கும் இளைஞருக்கு இது நல்ல பயிற்சி. மூட்டு தேய்ந்தவருக்கும் இதய நோயாளிக்கும் ஓரத்து நடைபாதையே பொருத்தம்.

தளம் போட்ட பாதை என்றாலே பாதுகாப்பானது என்றும் சொல்லிவிட முடியாது. நடக்கும்போது முன்னே வீசும் காலின் விரல் நுனி, தரையிலிருந்து ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில்தான் கடந்து போகிறது. முதியவர்களுக்கு இந்த உயரம் ஒவ்வொரு அடிக்கும் கூடிக் குறையும். ஆகவே ஒரு பேவர் பிளாக் கல் விரல் கனத்துக்கு எழும்பி நின்றாலே தடுக்கிவிடும். காரைக்கால் அமைந்த காவிரி டெல்டாவின் களிமண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் மண். அதன் மேல் மணல் பரப்பி அடுக்கிய கற்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சில இடங்களில் அமிழ்ந்து, சில இடங்களில் விளிம்பு தூக்கி நிற்கும். மர வேரும் தன் பங்குக்குக் கல்லைத் தள்ளும். அடியில் சரளை போட்டு நன்றாக இறுக்கி, இரு ஓரமும் கட்டி, நீர் வடிய இலேசான சரிவு கொடுத்தால் இது பெருமளவு குறையும். மழைக்காலம் முடிந்ததும் எழும்பிய கற்களை எடுத்துத் திரும்பப் பதிக்கும் வேலைக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்காத எந்த நடைபாதையும் சில ஆண்டுகளில் முதியவர்கள் தவிர்க்கும் பாதையாகிவிடும்.

நடப்பதற்கேற்ற பாதை காரைக்கால் பகுதிக்குக் கூடுதலாகத் தேவை; காரணம் நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு முடிவுகள் 2023இல் வெளியாயின. வளர்ந்தவர்களில் நீரிழிவு உள்ளோர் நாட்டளவில் 11.4 விழுக்காடு, காரைக்கால் அடங்கிய புதுச்சேரியில் 26.3 விழுக்காடு. கோவாவுக்கு அடுத்து இதுவே நாட்டின் மிக உயர்ந்த அளவு. நால்வரில் ஒருவர் என்பது மனத்தை உலுக்கும் கணக்கு.

நீரிழிவுக்கு நடை உதவும் விதம் நேரடியானது. சுருங்கி விரியும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பதற்குத் தனிப் பலன். நாளில் ஒரே தடவை 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடப்பது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை நன்றாகக் குறைத்ததை 2016இல் நியூசிலாந்து ஆய்வு காட்டியது. பலன் அதிகம் தெரிந்தது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. சோறே முதன்மை உணவாக உள்ள டெல்டாவுக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் பல ஆண்டு நீரிழிவு பாத நரம்பின் உணர்ச்சியை மழுங்கடிக்கும். கல் குத்தியது தெரியாமல் புண்ணாகும். உணர்ச்சி குறைந்த பாதத்தோடு செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையானாலும் சரி, தெருவானாலும் சரி.

எவ்வளவு நடக்க வேண்டும் என்பதற்கு 10,000 அடி என்ற எண் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது மருத்துவ ஆய்விலிருந்து வந்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவுக் கருவியோடு பரவியது. சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது. மிதமான நடை என்பது நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. அந்த வேகத்தில் பக்கத்தில் வருபவரோடு பேச முடியும், பாட முடியாது.

நடக்கும் இடமும் பலனைத் தீர்மானிக்கிறது. 60 வயது கடந்தவர்களை லண்டனில் ஒரு நாள் ஹைட் பூங்காவிலும், இன்னொரு நாள் டீசல் வண்டிகள் நெரியும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் இரண்டு மணி நேரம் நடக்கச் செய்த ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வந்தது. பூங்காவில் நடந்தபின் நுரையீரல் திறன் கூடியது. தெருவில் நடந்தபோது அந்தப் பலனில் பெரும்பகுதி கரைந்துபோனது. காரைக்கால் பகுதியின் திருநள்ளாறு வட்டாரத்துச் சுரக்குடி போன்ற ஊர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. சனிக்கிழமைகளில் சனீஸ்வரரைத் தரிசிக்க வரும் வண்டிகளால் அந்த வட்டாரச் சாலைகள் நிரம்புகின்றன. அறுவடைக் காலத்தில் டெல்டாச் சாலைகளின் ஓரம் நெல் காயப்போடும் களமாகிவிடுகிறது. நடப்பவர் வண்டிகளுக்கு நடுவே ஒதுங்க வேண்டியிருக்கிறது.

வெயிலும் புழுக்கமும் அடுத்த தடை. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை, உடல் சூடு இறங்குவதில்லை. விடியற்காலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருந்தாலும் வெப்பமும் வெயிலும் குறைவு என்பதால் அதுவே நல்ல நேரம். மாலையில் கடற்காற்று கைகொடுக்கும். பகலில் காய்ந்த தார்ப்பாதை பொழுது சாய்ந்த பின்னும் சூட்டை உமிழும். வெளிர் நிறத் தளம் அவ்வளவு சூடேறாது. பூவரசும் புங்கனும் புன்னையும் வேம்பும் நின்றால் நிழலோடு, இலைகள் வெளிவிடும் நீராவியும் காற்றைக் குளிரச் செய்யும்.

இவற்றையெல்லாம் திட்டமிட்டுச் செய்தது சிங்கப்பூர். 1992இல் காலாங் ஆற்றோரம் முதல் பூங்கா இணைப்புப் பாதை திறக்கப்பட்டது. இன்று அந்த வலைப்பின்னல் 300 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி வடிகால்களின் ஓரத்தில் ஒதுக்கியிருந்த நிலத்தில் போடப்பட்டது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக் கொடுத்தது. நாகப்பட்டினமும் மயிலாடுதுறையும் அதில் உண்டு. அவற்றுக்கு இடையே இருக்கும் காரைக்கால் வேறு ஆட்சிப் பகுதி என்பதால் அதில் இல்லை. புதுச்சேரி நகரின் கடற்கரைச் சாலை மாலை முதல் மறுநாள் காலைவரை வாகனங்களுக்கு மூடப்படுவது, பெரிய செலவில்லாமலேயே நடப்பவருக்கு இடம் கொடுக்கும் வழி.

காரைக்கால் கிராமங்களுக்குப் புதிதாக நிலம் தேட வேண்டியதில்லை. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு எனப் பிரியும் ஆறுகளுக்கும் அவற்றின் வாய்க்கால்களுக்கும் கரைகள் இருக்கின்றன. நீர் ஓடுவதற்கென அமைந்த கரையில் ஏற்ற இறக்கம் பெயரளவுக்குத்தான். தூர்வாரும் எந்திரம் போக வழி விட்டு, இந்தியச் சாலைக் காங்கிரஸ் நடைபாதைக்குச் சொல்லும் 1.8 மீட்டர் அகலத்தில் தளமும், இடையிடையே அமர இடமும், விளக்கும் போட்டால் போதும். சுரக்குடி போன்ற ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு கிலோமீட்டர் கரையையாவது இப்படிச் செப்பனிட கொம்யூன் பஞ்சாயத்துகளும் பொதுப்பணித் துறையும் முன்வர வேண்டும். போக வர நடந்தால் அது 2 கிலோமீட்டர். ஒருவரின் அன்றாட அரை மணி நடைக்கு அது போதும்.