தார் ராக்ஸ்: குடும்பத்துக்கும் கரடுமுரடு பாதைக்கும் ஒரே வண்டி போதுமா?

வீட்டில் கார் பேச்சு ஆரம்பித்தால் இப்போதெல்லாம் இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. "தார் மாதிரி ஒண்ணு எடுக்கலாம்" என்பது ஒரு கட்சி. "அதுல பின்னாடி யார் உட்காருறது?" என்பது எதிர்க்கட்சி. 2020-ல் வந்த மூன்று கதவு மஹிந்திரா தாரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. மொத்தம் நான்கே இருக்கை. பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி நுழைய வேண்டும். நாலு பேர் உட்கார்ந்தால் பெட்டி வைக்கப் பெரிதாக இடம் இருக்காது. 2024 ஆகஸ்டில் ஐந்து கதவு, ஐந்து இருக்கையோடு வந்த தார் ராக்ஸ், இந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கவே செய்த வண்டி மாதிரி தெரிகிறது. உண்மையிலேயே தீர்த்து வைக்கிறதா?

400 மி.மீ. செய்த வேலை

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை வீல்பேஸ் என்பார்கள். பழைய தாரில் இது 2,450 மி.மீ. ராக்ஸில் 2,850. கூடுதலாகக் கிடைத்த 400 மி.மீ.யில் பெரும்பகுதி பின்சீட்டில் கால் நீட்டும் இடமாகவும், சாமான் வைக்கும் இடமாகவும் மாறியிருக்கிறது. கூரை வரை அடுக்கினால் 644 லிட்டர் கொள்ளளவு என்கிறது நிறுவனம். நாலு நாள் ஊருக்குப் போகிற குடும்பத்துக்குத் தாராளம்.

அதே 400 மி.மீ. காட்டுப் பாதையில் வேறு வேலை செய்கிறது. நீளமான வண்டி கூர்மையான மேட்டில் ஏறி இறங்கும்போது நடு வயிறு தரையில் தட்டும். எவ்வளவு கூர்மையான மேடு வரை தட்டாது என்பதைச் சொல்லும் கோணம் ராக்ஸில் 23.9 டிகிரி. மூக்கு முட்டாமல் ஏறும் கோணம் 41.7, வால் இடிக்காமல் இறங்கும் கோணம் 36.1. இந்த இரண்டும் அருமை. நடு வயிறுதான் குடும்பத்துக்காகச் செய்த சமரசம். எஸ்டேட் மண் ரோடு, ஹோம்ஸ்டேக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர் கல் பாதை என்றால் இது ஒரு பிரச்சினையே இல்லை.

பின்சீட்டில் ஏன் குலுங்குது?

ராக்ஸ், லேடர் ஃபிரேம் வண்டி. பெயரிலேயே ஏணி இருக்கிறது. ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின் மேல் பாடியைப் பொருத்துவார்கள். க்ரெட்டா போன்ற வண்டிகளில் பாடியும் சட்டமும் ஒன்றே, அதுதான் மோனோகாக். பாறையில் ஒரு சக்கரம் ஏறி, இன்னொன்று பள்ளத்தில் தொங்கும்போது வரும் முறுக்கை ஏணிச் சட்டம் தாங்கும். அதற்கு விலை, எடையும் குலுக்கலும்.

பின்பக்கம் மல்டிலிங்க் சஸ்பென்ஷன், வாட்ஸ் லிங்கேஜ், பள்ளத்துக்கு ஏற்ப இறுக்கத்தை மாற்றும் டேம்பர் என்று மஹிந்திரா இதில் நிறைய உழைத்திருக்கிறது. மூன்று கதவு தாரோடு ஒப்பிட்டால் முன்னேற்றம் பெரிது. ஆனாலும் மெட்ரோ வேலை நடக்கும் சென்னைச் சாலையில் மெதுவாகப் போனால் தலை இடவலமாக ஆடும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதால் அவருக்கு அவ்வளவு தெரியாது. பின்னாடி இருக்கும் அம்மாவுக்குத்தான் தெரியும்.

ரெண்டு லட்சம் கேள்வி

நிறைய பேர் தடுமாறும் இடம் இதுதான். ராக்ஸின் அடிப்படை வடிவம் பின்சக்கர இயக்கம். பெட்ரோலில் அது மட்டும்தான். நான்கு சக்கர இயக்கம் வேண்டுமென்றால் டீசலுக்குப் போக வேண்டும். அறிமுக விலையில் ஒரே வேரியன்ட்டின் இரண்டு வடிவங்களுக்கும் இடையே ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய் வித்தியாசம் இருந்தது.

கணக்கு அங்கேயே நிற்காது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையான கார்களுக்கு ஆயுள்கால சாலை வரி 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். அந்த 2 லட்சம் வண்டியை 20 லட்சம் கோட்டுக்கு மேலே தள்ளிவிட்டால், கூடும் 2 சதவீதம் முழு விலைக்கும் விழும்.

கிடைப்பது என்ன? லோ ரேஞ்ச் கியர், அதாவது வண்டியை நடைவேகத்துக்குக் குறைத்து இழுவையைப் பெருக்கும் கூடுதல் கியர். பிறகு, பின்னால் ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றும்போது இன்னொன்றுக்கும் விசை போக வைக்கும் எலெக்ட்ரானிக் லாக்கிங் டிஃபரன்ஷியல். ஈரக் களிமண், மணல், ஆற்றுப்படுகை இவற்றில் இந்த இரண்டும் இல்லாமல் சிரமம்தான்.

ஆனால் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவும், கொல்லிமலையின் 70 வளைவும் தார் ரோடு. அங்கே இவை தேவையே இல்லை. "மழையில ஹைவேல கிரிப் கிடைக்கும்ல?" என்று கேட்பவர்கள் உண்டு. ராக்ஸில் இருப்பது பகுதிநேர நான்கு சக்கர இயக்கம். காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டினால் டிரான்ஸ்மிஷன் இறுகிச் சேதமாகும். மழையில் வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் முதல் ஆள் இஎஸ்சி. அது ஆறு ஏர்பேக்கோடு எல்லா வேரியன்ட்டிலும் இருக்கிறது.

இன்னொன்று: வண்டியால் முடியும் என்பதற்காக எங்கும் இறங்கிவிட முடியாது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ரீல்ஸில் இதை யாரும் சொல்வதில்லை. வருடத்துக்கு எத்தனை நாள் தாரை விட்டு இறங்குவோம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தால், பல வீடுகளுக்குப் பின்சக்கர டீசலே போதும் என்று தெரியும்.

வெள்ளத்தில் காப்பாற்றுமா?

சென்னைக்காரர்கள் உயரமான வண்டி கேட்பதற்கு மலையைவிட வேளச்சேரி பெரிய காரணம். மழை எச்சரிக்கை வந்ததும் மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தும் ஊர் இது. ராக்ஸ் 650 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்கிறது நிறுவனம். பெரியவர்களுக்கு முட்டிக்குச் சற்று மேலே. இது தேங்கிய தண்ணீரில் மெதுவாகப் போவதற்கான கணக்கு. ஓடும் தண்ணீர் இரண்டு அடி இருந்தாலே எஸ்யுவியையும் இழுத்துப் போகும். தண்ணீருக்கு அடியில் மூடி திறந்த பள்ளம் இருந்தால் 650 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து பழுதானால் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி பெரும்பாலும் கைவிரிக்கும். இன்ஜின் புரொடெக்‌ஷன் ஆட்-ஆன் தனியாக எடுக்க வேண்டும். சில ஆயிரம் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுவது நல்ல யோசனை இல்லை.

பாதுகாப்பில் ராக்ஸ் தலைநிமிர்ந்தே நிற்கிறது. பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம். பெரியவர்களுக்கு 32-க்கு 31.09, குழந்தைகளுக்கு 49-க்கு 45. கைக்குழந்தை உள்ள வீட்டில் சன்ரூஃபைவிட முக்கியமான எண்கள் இவை.

மற்ற வண்டிகள்? மாருதி ஜிம்னியில் எல்லா வேரியன்ட்டிலும் நான்கு சக்கர இயக்கம் உண்டு, எடையும் குறைவு. ஆனால் நான்கு இருக்கை, 208 லிட்டர் டிக்கி. தம்பதிக்குச் சரி, தாத்தா பாட்டியோடு சேர்ந்த குடும்பத்துக்குக் கஷ்டம். மூன்றாவது வரிசை வேண்டும் என்றால் ஸ்கார்ப்பியோ-என். நிஜமாகவே காட்டுக்குள் வேலை இருப்பவர்கள் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் உள்ள ஃபோர்ஸ் குர்காவைப் பார்க்கலாம், ஆட்டோமேட்டிக் கேட்கக் கூடாது.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது வண்டி வாங்குபவர் முதல் பத்து நிமிடம் பின்சீட்டில் உட்காருவது நல்லது. ஷோரூம்காரர் காட்டும் பளபள ரோட்டை விட்டு, வீட்டுத் தெருவுக்கே கொண்டுவரச் சொல்லலாம். மூட்டுவலி உள்ள அம்மாவை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்ல வேண்டும், தரை அவ்வளவு உயரம். குழந்தை சீட் இருந்தால் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பார்க்கலாம். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பின்பக்கச் சுவரையும் அளந்துகொள்ளுங்கள். ராக்ஸின் டிக்கியில் கண்ணாடி மட்டும்தான் மேலே தூக்கும். ஸ்டெப்னி மாட்டிய கதவு பக்கவாட்டில் திறக்கும், சுவரை ஒட்டி நிறுத்தினால் பெட்டியை வெளியே எடுக்க வண்டியை மறுபடி முன்னால் நகர்த்த வேண்டும்.