ஒன்றாமா? முதலாமா?

இன்றைய உரையை நான் செய்த பிழை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பத்தாந்தர மாணவர்களுக்கு "எனது முதற் பாடசாலை நாள்" என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். கொப்பிகளைத் திருத்திக்கொண்டு வருகையில் ஒரு மாணவன், "நான் ஒன்றாம் வகுப்பிற் சேர்ந்த அன்று நல்ல மழை" என்று எழுதியிருந்தான். தமிழகத்து அகதி முகாமொன்றிற் பிறந்து, அங்கேயே படித்து, பெற்றோருடன் நாடு திரும்பி எமது கல்லூரியிற் சேர்ந்திருந்த பிள்ளை அவன். 'ஒன்றாம்' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே 'முதலாம்' என்று எழுதி, ஒரு புள்ளியையும் குறைத்தேன். அத்துடன் விட்டிருக்கலாம். மறுநாள் வகுப்பிலே, "ஒன்றாம் என்று தமிழிற் சொல் இல்லை; முதலாம் என்பதே சரி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று பாடசாலை விடுவதற்குள் அவனுக்கு 'ஒன்றாம்' என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

ஒரு கிழமை கழித்து அவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். "சேர், இரண்டிலிருந்து இரண்டாம் வருகுது, மூன்றிலிருந்து மூன்றாம் வருகுது. ஒன்றிலிருந்து மட்டும் ஏன் ஒன்றாம் வராது?" என்று கேட்டான். "வழக்கு அப்படித்தான் தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். விடை தெரியாதபோது தமிழாசிரியர்கள் சொல்கின்ற விடை அது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் பார்த்தபோது, அவனுடைய கேள்வி தமிழின் எல்லையைக் கடந்து உலக மொழிகள் பலவற்றுக்கும் உரிய கேள்வியாக இருந்தது.

ஆங்கிலத்தை எடுத்துக்கொள்வோம். 'சிக்ஸ்' என்பதிலிருந்து 'சிக்ஸ்த்' வருகிறது. 'செவன்' என்பதிலிருந்து 'செவன்த்' வருகிறது. 'வன்' என்பதிலிருந்து அவ்வாறு எதுவும் வரவில்லை. அதனிடத்தில் 'பேர்ஸ்ட்' நிற்கிறது. இச்சொல் 'முன்' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் மிகைநிலை வடிவம். எல்லாவற்றுக்கும் மிக முன்னால் நிற்பது என்பதே அதன் பொருள். எண்ணுக்கும் அதற்கும் பிறப்பால் உறவில்லை. இதே சொல்லின் உடன்பிறப்பு ஜேர்மன் மொழியில் 'ஃபூர்ஸ்ட்' என்று ஒலித்து, சிற்றரசனைக் குறிக்கிறது. முன்னால் நிற்பவன் தலைவன். எங்கள் 'முதல்வர்', 'முதலி' ஆகிய சொற்களும் இதே வழியில் நடந்தவை அல்லவா?

ஜேர்மன் மொழி முதலாவதைக் குறிக்க 'எர்ஸ்ட' என்ற வேறு சொல்லைக் கொண்டது. அது, 'வேளைக்கு' என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பொருளுடைய சொல்லின் மிகைநிலை: எல்லாவற்றிலும் வேளைக்கு வந்தது. ஒரு மொழி இடத்தால் முந்தியதைப் பார்த்தது. அதன் உறவுமொழி காலத்தால் முந்தியதைப் பார்த்தது.

லத்தீனின் 'பிரீமுஸ்', கிரேக்கத்தின் 'புரோத்தொஸ்', ரஷ்ய மொழியின் 'பேர்விய்', வடமொழியின் 'பிரதம' ஆகியனவும் 'முன்னால்' என்ற பொருளுடைய ஒரே மூலத்தின் கிளைகளே. பிரான்சில் வாழும் எம்மவர்கள் இன்னொரு விந்தையையும் அறிவார்கள். பிரெஞ்சுக்காரர் மே மாதம் முதலாந் திகதியை மட்டும் வரிசைப்பெயரால் 'பிரமியே' என்பர். அடுத்த நாளிலிருந்து வெறும் எண்ணாலேயே 'இரண்டு மே', 'மூன்று மே' என்று போவர். அரசர்களையும் அப்படித்தான் அழைப்பர். பிரான்சுவா 'முதலாமவர்', லூயி வெறும் 'பதினான்கு'.

வடமொழிச் சான்று எங்கள் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. அமாவாசைக்கு மறுநாட் திதி பிரதமை. அடுத்தவை துவிதியை, திருதியை, சதுர்த்தி. இவை இரண்டு, மூன்று, நான்கு என்னும் வடமொழி எண்களிலிருந்து பிறந்தவை. பிரதமையில் மட்டும் 'ஏக' என்னும் எண் இல்லை. ஆனால் பதினோராந் திதிக்கு வரும்போது, மறைந்திருந்த அந்த 'ஏக' வெளியே வந்துவிடுகிறது, ஏகாதசி என்கிறோம். இந்த ஏகாதசியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது எமக்கு உதவும்.

சிங்களத்தில் எக, தெக, துன என்பன எண்கள். தெவெனி, துன்வெனி என்பன வரிசைப்பெயர்கள். முதலாவதற்கு மட்டும் 'பளமுவெனி'. பிரதம என்பதே பிராகிருத வழியில் உருமாறிப் 'பளமு' ஆயிற்று. 'வேர்' எனப் பொருள்படும் 'முல்' என்பதையும் சிங்களவர் 'முதலில்' என்ற கருத்தில் வழங்குவர்.

அரபு மொழியில் ஒன்று 'வாஹித்', முதலாவதோ 'அவ்வல்'. எமது முஸ்லிம் சகோதரர்கள் நபிகளாரின் பிறப்பை நினைவுகூரும் மாதத்தின் பெயரிலேயே அந்த அவ்வல் இருக்கிறது: ரபீஉல் அவ்வல். இரண்டிலிருந்து எண்ணே வரிசைப்பெயருக்கு அடியாகிறது. பதினொன்றுக்கு வரும்போது அவ்வல் மறைந்து, வாஹித்தின் வேரிலிருந்து பிறந்த 'ஹாதீ' என்ற சொல் வருகிறது. ஏகாதசியின் கதையேதான். எபிரேய மொழியில் முதலாவது 'ரிஷோன்'; அது 'தலை' எனப் பொருள்படும் 'ரோஷ்' என்பதிலிருந்து வந்தது. ஆயினும் ஆதியாகமத்தின் படைப்புக் கதையில், எபிரேய மூலம் தொடக்க நாளை 'ஒரு நாள்' என்று எண்ணாலேயே சுட்டி, அடுத்த நாளிலிருந்துதான் வரிசைப்பெயரிடுகிறது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் அதனை 'முதலாம் நாள்' ஆக்கினார்கள்.

மலாய் மொழி சொல்லும் கதை இன்னும் சுவையானது. 'டுவா' இரண்டு, 'கெடுவா' இரண்டாவது. 'தீகா' மூன்று, 'கெதீகா' மூன்றாவது. எல்லாம் அவர்களின் சொந்தச் சொற்கள். முதலாவதற்கு மட்டும் வடமொழியின் பிரதமத்தைக் கடன்வாங்கிப் 'பெர்த்தாமா' என்றார்கள். இதற்கு மாறான மொழிகளும் உள. சீனர் ஒன்று என்னும் எண்ணின் முன்னே வரிசை காட்டும் சொல்லை வைப்பதோடு நிறுத்திக்கொள்வர். துருக்கியில் 'பிர்' என்றால் ஒன்று, 'பிரிஞ்சி' என்றால் ஒன்றாவது.

உலக மொழிகளின் அமைப்புகளை வரைபடங்களாகத் தொகுத்த பெருநூல் ஒன்று 2005இல் வெளிவந்தது. அதில் 321 மொழிகளின் வரிசைப்பெயர்களை இரண்டு ஆய்வாளர்கள் வகைப்படுத்தியிருக்கிறார்கள். 110 மொழிகளில் முதலாவது மட்டும் தனிச்சொல்; இரண்டு தொடக்கம் எண்ணிலிருந்தே பிறப்பவை. 61 மொழிகளில் இரண்டாவதும் தனிச்சொல். ஆங்கிலம் இவ்வகையது, அதன் 'செக்கன்ட்' லத்தீனில் 'பின்தொடர்வது' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. 41 மொழிகளிலே ஒன்றிலிருந்துதான் முதலாவதும் பிறக்கிறது. மேலும் 54 மொழிகளில் தனிச்சொல்லும் உண்டு, ஒன்றிலிருந்து பிறந்த சொல்லும் உண்டு. இரண்டும் அருகருகே வாழ்கின்றன. இந்தக் கடைசி எண்ணைக் கண்டபோது எனக்கு அந்தப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது.

முதலாவது ஏன் எண்ணிலிருந்து பிறக்க மறுக்கிறது? ஒரு வீட்டிற் பிள்ளை பிறக்கிறது. அந்த வேளையில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. இருப்பது ஒரு தொடக்கம். அடுத்த பிள்ளை பிறந்த பின்னர்தான் எண்ணிக்கை என்பதே தேவைப்படுகிறது. இரண்டாவதை அறிய எண்ண வேண்டும். முதலாவதை அறியக் கண்டால் போதும். ஆகவேதான் மனிதர் அதற்கு எண்ணைத் தேடாமல், முன், வேளை, தலை, வேர் என்று தொடக்கத்தைச் சுட்டும் சொற்களைத் தேடியிருக்கிறார்கள் என்று எண்ணுகிறேன்.

இனி எமது 'முதல்' என்ற சொல்லுக்கு வருவோம். மரத்தின் அடியும் முதல், காரணமும் முதல், வியாபாரத்திற் போட்ட பணமும் முதல். உறுப்புகளைச் சினை என்றும், அவற்றையுடைய முழுப்பொருளை முதல் என்றும் தொல்காப்பியம் வழங்குகிறது. சினை என்பது கிளை. அப்படியானால் முதல் என்பது அது கிளைத்த அடிமரம். தெலுங்கின் 'மொதலு' இன்றும் தொடக்கத்தையும் மரத்தின் அடியையும் குறிக்கும். பணம் என்ற பொருளில் எங்கள் முதல் சிங்களத்திற்குட் சென்று 'முதல்' என்றே வழங்குகிறது. கடைக்காரர் 'முதலாலி' ஆனதும் இவ்வழியிலேதான். எங்கள் பேச்சில், "சாப்பிடுறதுக்கு முதல் கையைக் கழுவு" என்று அம்மம்மா சொல்லும்போது, முதல் என்பது 'முன்பு' ஆகிவிடுகிறது. ஜேர்மன் மொழி கண்ட அதே காலத்து முந்துதல் இது.

எண்ணைத் தவிர்க்கும் இந்த இயல்பு பழந்தமிழிலும் தெளிவாகத் தெரிகிறது. வேற்றுமைகளுக்குப் பெயரிட்ட தொல்காப்பியர், தொடக்க வேற்றுமையை எண்ணாற் சுட்டாமல் 'எழுவாய்' என்றார். எழுகின்ற இடம் என்பது பொருள். அடுத்தவற்றை 'இரண்டாகுவது', 'மூன்றாகுவது' என எண்ணாற் சுட்டினார். சங்கங்களின் கதை சொன்னவர்களும் தலைச்சங்கம், இடைச்சங்கம், கடைச்சங்கம் என்றார்கள். எபிரேயர் கண்ட தலையை நாமும் கண்டிருக்கிறோம். மூத்த பிள்ளை தலைப்பிள்ளை ஆவதும் அதனாலேயே.

'இரண்டாகுவது' என்ற சொல்லைச் சற்று நின்று நோக்குவோமாயின் ஒரு திறப்புக் கிடைக்கும். நாம் சொல்லும் 'இரண்டாம்' என்பது 'இரண்டு ஆகும்' என்பதே. அந்தப் பொருள் வந்து சேர்ந்ததும் எண்ணிக்கை இரண்டு ஆகிறது. அப்படியானால் 'முதலாம்' என்பது என்ன? முதல் என்பதே தொடக்கத்தைக் குறிக்கையில், அதற்கு மேல் ஓர் 'ஆம்' எதற்கு? இரண்டாம், மூன்றாம் என்று வரிசையில் நிற்கும் தம்பிமாரைப் பார்த்து, தமையனும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டான் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நான் சரியென்று எழுதிய 'முதலாம்' ஒப்புமையாற் பிறந்த சொல். நான் வெட்டிய 'ஒன்றாம்' இலக்கணத்தின்படி நேராகப் பிறந்த சொல். ஒன்று ஆகும், ஒன்றாம்.

தமிழில் அச்சொல் இல்லையென்று எப்படிச் சொன்னேன்? பத்திரிகையின் மரண அறிவித்தற் பக்கத்தைப் பாருங்கள். ஓரிடத்தில் 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி' என்றிருக்கும். அருகிலேயே '31ஆம் நாள்' என்றிருக்கும். அதனை முப்பத்தோராம் நாள் என்றுதான் வாசிக்கிறோம். முப்பத்து முதலாம் நாள் என்று எவரும் வாசிப்பதில்லை. ஏகாதசியிலும் அரபு 'ஹாதீ'யிலும் வெளிவந்த ஒன்று, எமது அந்தியேட்டி நாளிலும் வெளிவந்து நிற்கிறது. தமிழகத்தில் ஒன்றாம் வகுப்பு என்பது நல்ல வழக்கு. மலையாளத்தில் 'ஒன்னாம்' என்பதே பொதுவழக்கு. கன்னடத்தில் 'ஒந்தனெ', 'மொதலனெ' இரண்டும் உண்டு.

இரண்டு சொற்களும் இருப்பதால் மொழிக்கு நட்டமில்லை, இலாபமே. கொழும்புப் புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து ஐந்தாம் குறுக்குத் தெரு வரை வரிசையாக இருக்கின்றன. கோட்டைப் பக்கத்திலிருந்து பிரதான வீதி வழியே வருபவருக்கு முதலாம் குறுக்குத் தெரு முந்தி வரும். மறுபக்கத்திலிருந்து வருபவர் முதலிற் காண்பது ஐந்தாவதை. வரிசையில் எண் ஒன்றைப் பெற்றது வேறு. முந்தி எதிர்ப்படுவது வேறு. முன்னதற்கு 'ஒன்றாம்' என்றும் பின்னதற்கு 'முதல்' என்றும் சொல்ல வாய்ப்பிருப்பது ஒரு மொழியின் செல்வமல்லவா?

இத்தனையையும் தெரிந்துகொண்ட பின்னர், அதே வகுப்பில் நின்று, நான் சொன்னது பிழை என்று சொன்னேன். ஏகாதசியையும் முப்பத்தோராம் நாளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அந்த மாணவனின் கொப்பியை வாங்கி, குறைத்த புள்ளியைத் திருப்பிப் போட்டேன். "பரவாயில்லை சேர்" என்றான். ஆனால் அந்தப் பட்டப்பெயர் சாதாரணதரப் பரீட்சை முடியும்வரை அவனை விடவில்லை. கொப்பியிற் போட்ட கோட்டைத் திருத்த என்னால் முடிந்தது. வகுப்பிலே நான் எழுப்பிவிட்ட சிரிப்பைத் திருத்த முடியவில்லை.

எங்களோடு வந்து சேரும் பிள்ளைகள், தாங்கள் வளர்ந்த இடத்துத் தமிழையும் கையோடு கொண்டுவருகிறார்கள். "தமிழில் அப்படிச் சொல் இல்லை" என்று சொல்வதற்கு முதல், எங்கள் ஊரில் இல்லையா, தமிழிலேயே இல்லையா என்று ஆசிரியர்களாகிய நாம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.